ஒண்ணுதான் பாக்கி: இணையத் தம்போலா அறையில் பேச்சும் பண்பும்

எடிசனிலோ ஃப்ரீமாண்டிலோ ப்ளேனோவிலோ மகன், மகள் வீட்டில் ஆறு மாதம் தங்க வந்திருக்கும் பெற்றோருக்கு, வந்த சில வாரங்களுக்குள் யாராவது ஒருவர் அழைப்பு அனுப்பிவிடுவார்: “சனிக்கிழமை சாயங்காலம் ஜூம்ல தம்போலா வச்சிருக்கோம் ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் கட்டாயம் வரணும்.” 2020-இல் பெருந்தொற்று எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தபோது பரவிய பழக்கம் இது. கதவுகள் திறந்த பிறகும் நிற்கவில்லை. டிசம்பரில் நியூஜெர்சியில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. டெக்சாஸ் புறநகர்களில் கார் இல்லாமல் அடுத்த தெருவுக்குப் போவதே பாடு. கார் ஓட்டாத பெரியவர்களுக்கு, நம் பேச்சை நாலு பேர் வாயால் கேட்க இது எளிய வழி.

ஆட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊரில் கிளப்பிலும் அலுவலகக் குடும்ப விழாவிலும் ஆடிய அதே ஹவுஸி. புதிதாக இருப்பது திரையின் ஓரத்தில் ஓடும் சாட் பட்டை. அழைப்பவர் எண்ணைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அங்கே நாலைந்து வரி வந்துவிழும். பாதி வரிகளில் முழுச் சொல்லே இருக்காது. யார் யாரை வாழ்த்துகிறார்கள், யார் எழுந்துபோகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் பலர் கடைசிவரை வாயே திறக்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டையைப் படிக்கவும் அதில் தயங்காமல் எழுதவும் இந்த அத்தியாயம் உதவும். எந்த எண் எப்போது விழும் என்பது யார் கையிலும் இல்லை. இந்த ஆட்டத்தில் கெட்டிக்காரத்தனம் செல்லாது. அதனால் அடுத்த வாரம் உங்களை மறுபடி கூப்பிடத் தோன்றுவது நீங்கள் பேசிய விதத்தால்தான்.

நேரத்தை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நியூஜெர்சியில் இரவு 8 என்றால் டாலஸில் 7, சான் ஹோசேயில் மாலை 5. சென்னையிலிருந்து சேரும் தங்கைக்கு அது மறுநாள் காலை, பனிக்காலத்தில் 6.30, கோடையில் 5.30. அழைப்பில் வெறும் “8 மணி” என்று போட்டால் பாதிப் பேர் ஆட்டம் முடிந்த பிறகு வந்து நிற்பார்கள்.

எந்த அறை?

மூன்று வகை அறைகள் இருக்கின்றன. மூன்றிலும் பேசும் முறை ஒன்றல்ல.

முதலாவது, தெரிந்தவர்கள் கூடும் ஜூம் அறை. குடியிருப்புத் தோழிகள், தமிழ்ச் சங்கம், கல்லூரி வகுப்புத் தோழர்கள் நடத்துவது. இங்கே ஆடுவது 90 எண் ஆட்டம். சீட்டில் 3 வரி, 9 பத்தி. 27 கட்டங்களில் 15 எண்கள். ஆறு சீட்டு சேர்ந்த முழுத் தாளில் 1 முதல் 90 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறைதான் வரும். சீட்டு வாட்ஸ்அப்பில் வரும். அச்செடுத்துப் பேனாவால் அடிப்பவர்களும் உண்டு, இணைப்பைத் தொட்டுத் திரையிலேயே அடிப்பவர்களும் உண்டு. கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: அச்செடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் திரை முழுவதும் எண் பலகைக்கும் சாட்டுக்கும் கிடைக்கும்.

இரண்டாவது, பிங்கோ பிளிட்ஸ் போன்ற இலவசச் செயலிகள். இங்கே அமெரிக்க முறை. 75 எண்கள், ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுக்கட்டம் இலவசம். பி, ஐ, என், ஜி, ஓ என்ற ஐந்து பத்திகளுக்கும் பதினைந்து பதினைந்தாக எண்கள் பிரிந்திருக்கும். அதனால் அழைப்பு “பி 9”, “ஓ 72” என்று வரும். 1929-இல் எட்வின் லோ என்ற நியூயார்க் பொம்மை வியாபாரி, ஜார்ஜியா மாநிலத்துச் சந்தை ஒன்றில் மொச்சைக்கொட்டையை வைத்து ஆடிய ‘பீனோ’ என்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, இதை ‘பிங்கோ’ என்ற பெயரில் நாடெங்கும் விற்றார். செயலியில் உங்களோடு ஆடுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள்.

மூன்றாவது, பணம் கட்டி ஆடும் உரிமம் பெற்ற இணைய அறை. நியூஜெர்சி, கலிஃபோர்னியா, டெக்சாஸ் ஆகிய மூன்று மாநிலங்களில் நியூஜெர்சியில் மட்டுமே அது சட்டப்படி சாத்தியம். அதன் விவரம் கடைசியில் வருகிறது.

சுருக்கங்கள்

இரண்டு எழுத்தில் வாழ்த்துவது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். நம் ஊர்த் தந்தி அலுவலகத்தை நினைத்துப்பாருங்கள். தீபாவளி வாழ்த்துக்கும் மணமக்களை வாழ்த்தவும் ஆளுக்கொரு வாசகம் எழுதாமல், பட்டியலில் இருந்த எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தோம். போய்ச் சேர்ந்தது முழு வாழ்த்து. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவை நிற்கும்வரை அந்த வழக்கம் இருந்தது. பெற்றவர் யாரும் “எண்ணைத்தானே அனுப்பினாய்” என்று குறைப்பட்டதில்லை. சாட் சுருக்கமும் அந்த வகைதான். இது இளைஞர்கள் கண்டுபிடித்த கெட்ட பழக்கமும் அல்ல. “ஓ மை காட்” என்பதை ஓ.எம்.ஜி. என்று சுருக்கியதற்கு நமக்குக் கிடைக்கும் பழைய சான்று, 1917-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதம். அப்போது ஃபிஷருக்கு வயது எழுபதுக்கு மேல்.

கணினி எண் அழைக்கும் அறையில் இரண்டு எண்களுக்கு நடுவே சில நொடிகளே இருக்கும். அதற்குள் சீட்டையும் பார்க்க வேண்டும், பேசவும் வேண்டும். சுருக்கங்கள் பிறந்த காரணம் அவ்வளவுதான். திரையில் இவை ஆங்கில எழுத்தில் வரும். ஒலிப்பை இங்கே தமிழில் தருகிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது ஜி.எல். என்று வரும். ‘குட் லக்’, நல்லபடியாக ஆடுங்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னால் ஜி.எல்.ஏ. அல்லது ஜி.எல்.இ. ஒருமுறை எழுதினால் போதும். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் உங்கள் சீட்டில் எண் தவறிப்போகும்.

ஆட்டத்தின் நடுவில் அதிகம் கண்ணில் படுவது 1 டி.ஜி. ‘ஒன் டு கோ’, இன்னும் ஒரே எண் வந்தால் எனக்குப் பரிசு என்று பொருள். 2 டி.ஜி., 3 டி.ஜி. என்பவையும் அப்படியே. நம் அறைகளில் “ஒண்ணுதான் பாக்கி” என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. இதைச் சொல்வதில் ஒரு நிதானம் வேண்டும். ஒரு எண் பாக்கி என்றால் ஒருமுறை சொல்லுங்கள். ஐந்து பாக்கி இருக்கும்போதே ஆரம்பித்து, எண் விழ விழ அறிவித்துக்கொண்டிருப்பது மற்றவர்களுக்கு அலுப்பு. உங்களுக்கு வேண்டிய எண் எது என்று மட்டும் சொல்லாதீர்கள். கணினி அழைத்தால் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. பையில் கைவிட்டு வில்லை எடுக்கும் மனிதர் அழைக்கும்போது, நீங்கள் “47 வேணும்” என்று எழுதி, அடுத்து 47-ஏ வந்தால், பாவம், அழைப்பவர் மீதுதான் சந்தேகம் விழும். அவர் வாரா வாரம் சம்பளமில்லாமல் இந்த வேலையைச் செய்கிறவர்.

எஃப்.ஹெச். என்பது ‘ஃபுல் ஹவுஸ்’, சீட்டின் 15 எண்களும் அடிபட்டது. நம் தம்போலாவில் அதற்கு முன் எர்லி ஃபைவ், மேல்வரி, நடுவரி, கீழ்வரி, நாலு மூலை என்று பரிசுகள் இருக்கும். வெள்ளைக்காரர் அறையில் “எர்லி ஃபைவ்” என்று கேட்டால் யாருக்கும் புரியாது. அங்கே டி வடிவம், எக்ஸ் வடிவம், சீட்டு முழுவதையும் நிரப்பும் ‘பிளாக்அவுட்’ என்று கோலங்கள் மாறும்.

ஒருவர் ஜெயித்ததும் டபிள்யூ.டி.ஜி. மழையாகப் பொழியும். ‘வே டு கோ’, சபாஷ் என்பதற்குச் சமம். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆங்கில விசைப்பலகையில் ஜி-யும் எஃப்-பும் ஒட்டியிருப்பவை. விரல் ஒரு எழுத்து தவறினால் சபாஷ் என்பது அச்சில் ஏற்ற முடியாத வசையாகிவிடும், அதுவும் ஜெயித்தவரைப் பார்த்து. கைப்பேசியில் தட்டுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டபிள்யூ.டி., அதாவது ‘வெல் டன்’. இரண்டே எழுத்து, தவறினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘கன்கிராஜுலேஷன்ஸ்’ என்பதன் குறுக்கமான ‘கிராட்ஸ்’ என்பதும் உண்டு.

ஜெயித்தவர் பதிலுக்கு டி.ஒய். (நன்றி) என்பார், அதற்கு மறுமொழி ஒய்.டபிள்யூ. இருபது பேர் வாழ்த்தினால் இருபது நன்றி வேண்டாம். “டி.ஒய். ஆல்” என்று ஒரே வரி. பி.எல்.என்.டி. என்பது ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்ற ஆறுதல். அதை ஜெயித்தவர் சொல்லக் கூடாது. தோற்றவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதே அழகு.

குக்கர் விசில் அடிக்கிறது, பேரன் அழுகிறான், எழுந்துபோக வேண்டும். அதற்கு பி.ஆர்.பி., இதோ வந்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் இருக்கையில் இல்லை என்றால் ஏ.எஃப்.கே. திரும்பி வந்ததும் மற்றவர்கள் டபிள்யூ.பி. என்று வரவேற்பார்கள். ஒரேயடியாகக் கிளம்பும்போது ஜி 2 ஜி. ஒன்றும் சொல்லாமல் மறைந்துவிட்டால், தெரிந்தவர்கள் அறையில் “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ” என்று மகளுக்குத் தொலைபேசி போய்விடும். அதனால் அந்த மூன்றெழுத்தை மறக்காதீர்கள்.

எல்.ஓ.எல். என்பது உரக்கச் சிரிப்பது. ‘நிறைய அன்பு’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரனே அப்படித்தான் நினைத்துப் பத்திரிகை நிர்வாகி ரெபெக்கா புரூக்ஸுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது 2012-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் குறித்த லெவசன் விசாரணையில் வெளிவந்தது. யாராவது கணவரின் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லும்போது கீழே எல்.ஓ.எல். போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப்பாருங்கள். எல்.எம்.ஏ.ஓ. என்பதும் சிரிப்புதான், ஆனால் அதற்குள் ஒரு கொச்சைச் சொல் ஒளிந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் போட்டாலும் நீங்கள் போட வேண்டாம். 69 விழும்போது அமெரிக்க அறைகளில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் எழும். அதற்கு ஓர் இரட்டை அர்த்தம் உண்டு. கண்டுகொள்ளாமல் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.

பி.எம். என்பது தனிச்செய்தி. நம் ஊரில் வேறு பொருள் தரும் சி.எம். என்பது இங்கே அறையைக் கவனித்துக்கொள்ளும் சாட் நடத்துநர்.

எழுதும்போது

முழுவதும் பெரிய எழுத்தில் ஆங்கிலம் அடிக்காதீர்கள். படிக்க வசதியாக இருக்கிறது என்பதற்காகவே பெரியவர்கள் பலர் அப்படி அடிக்கிறார்கள், தெரியும். ஆனால் இங்கே அது கத்துவதற்குச் சமம். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கைப்பேசியின் அமைப்பில் எழுத்தளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் பெயரைச் சரிசெய்யுங்கள். “ஐபேட்”, “கேலக்ஸி ஏ 14” என்ற பெயர்களில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அழைப்பவர் யாரைப் பார்த்து வாழ்த்துவார்? தெரிந்தவர்கள் அறையில் பெயரும் ஊரும் போதும். தெரியாதவர்கள் அறையில் புனைபெயர் வையுங்கள், பிறந்த ஆண்டைச் சேர்க்காதீர்கள். குறிப்பாக, பெயருக்குப் பின்னால் 88 வேண்டாம். அமெரிக்காவில் நாஜி ஆதரவாளர்கள் அந்த எண்ணைத் தங்கள் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 1988-இல் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்கே இது தெரியாது.

நம் அறையில் அக்கா, மாமா, ஆன்ட்டி என்று அழைப்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. அது போகக் கூடாது. ஆனால் நாற்பது வயதுப் பெண்ணை முப்பது வயதுக்காரர் எல்லோர் முன்பும் “ஆன்ட்டி” என்று எழுதுவதைப் பலர் ரசிப்பதில்லை. வயது தெரியாதபோது பெயரோடு ‘ங்க’ சேர்த்த பேச்சே பாதுகாப்பு: “சூப்பருங்க”, “எப்படிங்க இவ்வளவு சீக்கிரம்”. அமெரிக்கர்கள் அறையில் உறவுமுறை வேண்டாம். அங்கே எல்லோரும் புனைபெயரால்தான் அழைக்கப்படுவார்கள், எழுபது வயதுக்காரரும்கூட. அங்கே ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம், ஏனென்றால் நடத்துநருக்குப் புரியாத வரியை அவரால் கண்காணிக்க முடியாது.

தனிச்செய்தி அனுப்புவதற்கு முன் ஒரு நொடி நிறுத்துங்கள். ஜூம் சாட்டில் எழுதும் கட்டத்துக்கு மேலே, யாருக்குப் போகிறது என்று காட்டும். “எல்லோருக்கும்” என்று இருக்கும் நிலையில், “இந்தம்மா போன வாரமும் ஜெயிச்சாங்களே” என்று தோழிக்கு எழுதியது அறை முழுவதும் படிக்கப்பட்டு, இரண்டு குடும்பங்கள் பேசாமல் போன கதைகள் நம்மிடையே உண்டு. பொறாமையைச் சாட்டில் எழுதவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து, தனிச்செய்தியிலும்கூட. தொடர்ந்து ஜெயிப்பது தற்செயல். அதை ஏமாற்று என்று ஜாடையாகச் சொன்னாலும் அந்தப் பழி நீங்க வருடங்கள் ஆகும்.

தன் தோல்வியையே புலம்புவது இன்னொரு தொல்லை. “எனக்கு எப்பவும் வராது” என்று ஒரு தடவை சொன்னால் ஆறுதல் கிடைக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் சொன்னால், ஜெயித்தவர் குற்றம் செய்தவர்போல உட்கார்ந்திருப்பார். காலை வணக்கப் படங்கள், மருத்துவக் குறிப்புகள், வீடு வாங்க ஆள் தேடும் விளம்பரம், அரசியல் காணொளி எதுவும் ஆட்டச் சாட்டில் வரக் கூடாது.

க்ளெய்ம்

சண்டை வருவதென்றால் இங்கேதான், பரிசு எனக்கு என்று கேட்கும்போதுதான் வரும். எதிரெதிரே உட்கார்ந்து ஆடும்போது விதி எளிது: அடுத்த எண்ணைச் சொல்வதற்குள் குரல் கொடுக்க வேண்டும். இணையத்தில் குரல் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. ஹூஸ்டனில் நீங்கள் “மேல்வரி!” என்று கத்தும்போது அழைப்பவர் அடுத்த எண்ணைப் பாதி சொல்லியிருப்பார், உங்கள் மைக் மூடியிருந்தால் கத்தியது யாருக்குமே கேட்டிருக்காது. எனவே க்ளெய்ம் எப்போதும் சாட்டில்தான் என்று முதலிலேயே அறிவித்துவிடுவது நல்லது. எழுத வேண்டியது இரண்டே: எந்தப் பரிசு, எந்தச் சீட்டு எண். “மேல்வரி 23.” அதோடு கையை நிறுத்துங்கள். வாழ்த்து வாங்குவதெல்லாம் சீட்டைச் சரிபார்த்த பிறகு.

அந்த வரி வந்ததும் மற்ற எல்லோரும் சாட்டை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டுமாவது எல்லோரும் கடைப்பிடித்தால் பாதிச் சண்டை குறையும். ஒருவர் க்ளெய்ம் எழுதிய உடனே பத்துப் பேர் டபிள்யூ.டி.ஜி. கொட்டினால், அதே எண்ணுக்கு க்ளெய்ம் எழுதிய இன்னொருவரின் வரி மேலே ஓடி மறைந்துவிடும். அவர் பிறகு கேட்டால் பிடிவாதக்காரர் என்று பெயர். அழைப்பவர் “சரி” என்று சொல்லும்வரை வாழ்த்தைக் கையில் வைத்திருங்கள்.

ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் கேட்டால் பரிசு இரண்டாகப் பிரியும். யார் வரி முந்தியது என்று நொடிக்கணக்கு பார்ப்பது, ஒருவர் வீட்டு இணையம் வேகமாக இருப்பதற்குப் பரிசு கொடுப்பதாகும். அது நியாயமில்லை. தப்பான க்ளெய்முக்கு ‘போகி’ என்று பெயர், அந்தச் சீட்டு ஆட்டத்திலிருந்து விலகும். போகி ஆனவரைக் கேலி செய்யாதீர்கள். ஆங்கிலத்தில் 16-க்கும் 60-க்கும் ஒலி நெருக்கமானது. காது மந்தமானவர் ஒலிபெருக்கியில் கேட்டு அடித்திருப்பார். முதல் போகிக்கு மன்னிப்பு என்று விதி வைத்துக்கொள்ளும் குழுவில் பெரியவர்கள் தைரியமாக ஆடுகிறார்கள்.

எண் அழைப்பவருக்கு

எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள்: “அறுபது, ஆறு பூஜ்யம்.” தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னால் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். பலகையைத் திரையில் காட்டுங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். ஃபுல் ஹவுஸுக்கு இரண்டு எண் இருக்கும்போது திரை இருண்டால் அந்த வேதனை பெரியது. யாராவது ஒருவருடைய கட்டணக் கணக்கிலிருந்து நடத்துங்கள். சாட்டைப் பார்க்கத் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணும் அழைத்து, பலகையும் காட்டி, சாட்டும் படிக்க ஒரே ஆளால் ஆகாது.

ஆங்கிலேயர் கிளப்பிலிருந்து வந்த அழைப்புப் பெயர்கள் இன்னும் நம்மிடம் சுற்றுகின்றன. 22-க்கு வாத்து ஜோடி என்பதில் தவறில்லை. 88-க்கு ‘இரண்டு குண்டுப் பெண்கள்’ என்பதை நிறுத்திவிடுங்கள்; கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உறுத்தும். நமக்கென்று அடையாளங்களுக்குப் பஞ்சமா? 12 ஆழ்வார், 63 நாயன்மார், 18 சித்தர், 27 நட்சத்திரம், 64 கலை, 60-க்கும் 80-க்கும் கல்யாணம். எல்லா மதத்தாரும் இருக்கும் அறையில் குறள் அதிகார எண்கள் இன்னும் பொருத்தம். 9 விருந்தோம்பல், 10 இனியவை கூறல், 11 செய்ந்நன்றி அறிதல், 72 அவையறிதல், 79 நட்பு. 38 விழுந்தால் “ஊழ்” என்று சொல்லுங்கள். இந்த ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான எண் இல்லை. 94-ஆம் அதிகாரமான சூது 90 எண் பலகையில் இடம்பெறாது. இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டு, எது எந்த அதிகாரம் என்று சாட்டில் கேட்டால் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் குழந்தைகள் முந்திக்கொண்டு எழுதுகிறார்கள். ஆனால் எண்ணை மறைத்து அடையாளத்தை மட்டும் சொல்லாதீர்கள். எண் தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

பணம்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப்போக வேண்டாம். பொதுவாக அமெரிக்கச் சட்டம் சூதாட்டத்துக்கு மூன்று கூறுகளைப் பார்க்கிறது: கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு. தம்போலாவில் அதிர்ஷ்டம் எப்போதும் உண்டு, பரிசும் உண்டு. சீட்டுக்குப் பணம் வாங்கினால் மூன்றும் சேர்ந்துவிடுகின்றன.

நியூஜெர்சியில் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2013 பிப்ரவரியில் கையெழுத்திட்ட சட்டத்தால், அந்த ஆண்டு நவம்பர் முதல் உரிமம் பெற்ற இணையச் சூதாட்டம் நடக்கிறது. அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகளோடு இணைந்த நிறுவனங்களே அதை நடத்தலாம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆடும் நேரத்தில் உங்கள் உடல் அந்த மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். கணினி இடத்தைச் சோதித்துப் பார்க்கும். அங்கே சங்கம் நன்கொடைக்காக பிங்கோவோ ராஃபிளோ நடத்த மாநில ஆணையத்தில் பதிவும் நகராட்சி உரிமமும் தேவை. கலிஃபோர்னியாவில் பிங்கோ அறப்பணி அமைப்புகளுக்கானது. தண்டனைச் சட்டத்தின் 326.5 பிரிவின்படி ஆடுகிறவர் ஆட்டம் நடக்கும் இடத்திலேயே நேரில் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே அனுமதியில்லை. ஓர் ஆட்டத்துக்கான பரிசு 500 டாலரைத் தாண்டக் கூடாது. ஆகவே ஃப்ரீமாண்டில் உட்கார்ந்து ஜூமில் பணம் கட்டி ஆடுவது அந்தப் பிரிவுக்குள் வராது. டெக்சாஸில் 1980-இல் வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்றதால்தான் அறப்பணி பிங்கோவே வந்தது. அதுவும் உரிமம் வாங்கி, அரங்கில் நடப்பது. இணைய பிங்கோவுக்கு அங்கே உரிமம் இல்லை.

சென்னைத் தங்கையிடமும் பணம் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

வழி எளிது. சீட்டு எல்லோருக்கும் இலவசம். பரிசை நடத்துகிறவர் தன் அன்பளிப்பாகத் தரட்டும். ஒரு டப்பா முறுக்கு, ஒரு புத்தகம், அடுத்த வாரம் எண் அழைக்கும் உரிமை. பணம் இல்லாத அறையில் சாட்டின் தொனியே மாறிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள். யாராவது தனிச்செய்தியில் பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொன்னால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசியிருந்தாலும், பதில் சொல்லாமல் வீட்டாரிடம் காட்டுங்கள். எந்த அறையின் நடத்துநரும் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார்.

நியூஜெர்சியில் பகலெல்லாம் தனியாக இருக்கும்போது, பணம் கட்டும் அறைகளில் சாட் நண்பர்கள் தரும் கதகதப்புக்காகவே சிலர் ஆடத் தொடங்கி, நிறுத்த முடியாமல் போகிறார்கள். உங்களுக்கோ, வீட்டில் வேறு யாருக்கோ அப்படித் தோன்றினால் 1-800-426-2537 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். தயங்காமல் அழையுங்கள், மகனிடமும் மகளிடமும் சொல்லுங்கள்.